அப்பாவிடம் கேட்காத கேள்விகள்: சமூகப்பணி மாணவர்களின் பாலினப் பார்வை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

சமூகப்பணி படிக்க வரும் மாணவர்களிடம் ஆணும் பெண்ணும் சமமா என்று கேட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட எல்லோரும் ஆமாம் என்பார்கள், மனதாரவே சொல்வார்கள். அந்தப் பதிலை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அதை வைத்து அவர்களுடைய பாலினப் பார்வையை அளந்துவிட முடியாது. பார்வை வெளிப்படுவது களப்பணிப் பதிவேட்டில்தான். வீட்டுக்குப் போன மாணவர் யாரிடம் உட்கார்ந்து பேசினார், யாரைத் தாண்டிப் போனார், யார் செய்யும் வேலையை எழுதினார், கடைசியில் யாரை மாறச் சொன்னார் என்பதெல்லாம் அங்கே தானாகவே பதிவாகிவிடுகிறது.

நான் மேற்பார்வையிட்ட ஒரு மாணவியின் கேஸை இங்கே எழுதுகிறேன். குடும்பத்தையோ மாணவியையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நிறுவனத்தின் பெயரும் இங்கே தேவையில்லை.

மாணவி

முதுகலை சமூகப்பணி, இரண்டாம் ஆண்டு. சம ஊதியம், சொத்துரிமை என்று எந்த விவாதம் வந்தாலும் வகுப்பில் முதலில் பேசுபவர். படிப்பின் தொடக்கத்தில் அந்த வகுப்புக்கு ஒரு மனப்பான்மை வினாத்தாள் கொடுத்திருந்தார்கள். பெண்களின் உரிமைகள், பொறுப்புகள் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அளப்பதற்காக ஸ்பென்ஸ், ஹெல்ம்ரைச் என்ற இரு உளவியலாளர்கள் 1972-இல் 55 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். பிறகு அது 25 கூற்றுகளாகவும் 15 கூற்றுகளாகவும் சுருக்கப்பட்டது. வகுப்பில் கொடுத்ததும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். இந்த மாணவியின் விடைகள் ஏறக்குறைய எல்லாமே சமத்துவத்தின் பக்கம் விழுந்திருந்தன.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் வருவதைப் படித்துவிட்டு இவர் அக்கறையில்லாதவர், பழமைவாதி என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. நல்ல மாணவி, நல்ல எண்ணம், நிறையப் படிப்பு. இவ்வளவும் இருந்தும் பதிவேட்டில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. எழுபதுகளில் அந்தக் கூற்றுகள் ஆட்களைப் பிரித்துக் காட்டியிருக்கும். இன்றைக்கு ஒரு சமூகப்பணி வகுப்பில் எந்த விடையை எதிர்பார்க்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

கேஸ்

பள்ளியிலிருந்து வந்த கேஸ். நான்காம் வகுப்புப் பையன் அடிக்கடி பள்ளிக்கு வருவதில்லை, வந்தாலும் தாமதம். அவனுக்கு ஒரு தங்கை, முதல் வகுப்பு. அம்மா மருத்துவமனையில் துப்புரவுப் பணியாளர், இரவு ஷிப்ட். அப்பா சுமை ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தவர். முதுகில் அடிபட்ட பிறகு வேலைக்குப் போகவில்லை.

மாணவி சில முறை வீட்டுக்குப் போய்விட்டு வந்து பதிவைக் கொடுத்தார். அம்மாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது. எத்தனை மணிக்குத் திரும்புகிறார், எப்போது தூங்குகிறார், கர்ப்ப காலத்தில் என்ன சிக்கல், குழந்தைக்கு எத்தனை மாதம் பால் கொடுத்தார், பையனின் நோட்டைப் பார்க்கிறாரா, பள்ளிக் கூட்டத்துக்கு ஏன் போகவில்லை, இரவு வேலையை ஏன் ஒப்புக்கொண்டார். அப்பாவைப் பற்றி இருந்தது இவ்வளவுதான்: "தந்தை வீட்டில் இருந்தார். உடல்நலக் குறைவால் வேலைக்குச் செல்வதில்லை. மனம் தளர்ந்து காணப்படுகிறார்."

மதிப்பீட்டில், தாயின் இரவுப் பணி காரணமாகக் குழந்தைகளுக்குப் போதிய கவனிப்பு இல்லை என்று எழுதியிருந்தார். தாய் பகல் ஷிப்டுக்கு மாறவேண்டும், தாய்க்குக் குழந்தை வளர்ப்பு ஆலோசனை வழங்க வேண்டும், தந்தையை வேலைவாய்ப்புப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்பவை பரிந்துரைகள்.

மேலோட்டமாகப் படித்தால் குறை சொல்ல இடமில்லாத பதிவு. தலைப்புகள் ஒழுங்காக இருந்தன, யாரையும் மட்டம் தட்டவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்வது பெண்ணின் வேலை என்று ஒரு வாக்கியம்கூட அதில் கிடையாது. ஆனால் மொத்தப் பதிவும் அந்த அனுமானத்தின் மேல்தான் நின்றது. கவனிப்புக்கு அம்மா மட்டுமே கணக்கில் வந்தார், வருமானத்துக்கு அப்பா மட்டுமே வந்தார். உண்மையில் அந்த வீட்டில் சம்பாதிப்பவர் அம்மா. அது பதிவில் ஒரு சாதனையாகவோ பங்களிப்பாகவோ வரவில்லை, குழந்தையின் சிக்கலுக்குக் காரணமாக வந்தது.

இந்தப் பிரிவினை மாணவியின் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்கச் சமூகப்பணி முன்னோடியான மேரி ரிச்மண்ட் 1899-இல், ஏழைக் குடும்பங்களைச் சந்திக்கப் போகும் தன்னார்வலர்களுக்காக ஒரு கையேடு எழுதினார். அதில் சம்பாதிப்பவரைப் பற்றி இரண்டு அத்தியாயங்கள், இல்லத்தை நடத்துபவரைப் பற்றித் தனியாக ஓர் அத்தியாயம். சம்பாதிப்பது ஆணுக்கு, இல்லத்தை நடத்துவது பெண்ணுக்கு. 1917-இல் வந்த அவருடைய பெரிய நூல்தான் தனிநபர் சமூகப்பணிக்கு முறையான அடித்தளம் போட்டது. ரிச்மண்டை நான் மதிக்கிறேன், அவர் காலத்தில் அது இயல்பான பிரிவு. ஆனால் அந்தப் பிரிவு படிவங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. எங்கள் படிவத்திலேயே தந்தைக்குத் தொழில், வருமானம், பழக்கவழக்கம் என்று கட்டங்கள். குழந்தையின் வளர்ச்சி வரலாறு முழுவதும் தாயிடம் கேட்டு நிரப்புகிற மாதிரி அமைப்பு. படிவம் போட்டுக் கொடுத்த பாதையில் மாணவி நடந்து போயிருக்கிறார், அவ்வளவுதான்.

மேற்பார்வைக் கலந்தாய்வு

"அப்பா அதிகம் பேசலை மேடம்."

"நீங்க என்ன கேட்டீங்க?"

"உடம்பு எப்படி இருக்கு, வேலைக்கு ஏதாவது முயற்சி பண்றீங்களான்னு கேட்டேன்."

"பையனைப் பற்றி?"

கொஞ்சம் யோசித்தார். "அதெல்லாம் அம்மாகிட்டதான் கேட்டேன்."

நான் பாலினம், சமத்துவம் என்று எதையும் அங்கே பேசவில்லை. அம்மா வீடு திரும்பும் நேரம் எட்டரை மணி என்று அவரே எழுதியிருந்தார். பள்ளியின் முதல் மணியும் எட்டரைக்குத்தான். அப்படியானால் காலையில் குழந்தைகளை எழுப்புவது யார், குளிக்க வைப்பது யார், சாப்பாடு கட்டிக் கொடுப்பது யார்? பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்து, அம்மா வருவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் எழுதி வாருங்கள் என்றேன். குடும்பத்தின் சம்மதத்தோடு ஒரு நாள் காலை ஆறரைக்கே போனார்.

அன்றைய பதிவு வேறு ஒரு வீட்டைப் பற்றியது போல இருந்தது. அப்பா அடுப்புக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சமைக்கிறார், ஏனென்றால் அவரால் தொடர்ந்து நிற்க முடியாது. மகளைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி, முதுகை வளைக்காமலே தலைவாரி இரட்டைப் பின்னல் போடுகிறார். வாயில் ரிப்பன். அதற்கிடையில் பையன் எட்டாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிறான். தப்பு வந்த இடத்தில் வாயில் ரிப்பனோடு "ம்ஹூம்" என்கிறார், பையன் திருத்திச் சொல்கிறான்.

பையன் பள்ளிக்குப் போகாத காரணமும் அன்றைக்குத்தான் தெரிந்தது. வலி கூடிய நாட்களில் அப்பாவால் மாடிப்படி இறங்க முடியாது. வழியில் ஒரு பெரிய சாலையைக் கடக்க வேண்டும். தங்கையையும் கையில் பிடித்துக்கொண்டு பையன் தனியாகக் கடப்பதை நினைத்து அவருக்குப் பயம், அதனால் அந்த நாட்களில் இரண்டு பேரையும் வீட்டில் வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டில் யாரிடமாவது சொல்லி அனுப்பலாமே என்று மாணவி கேட்டிருக்கிறார். "ஆம்பள நான் வீட்டுல உட்கார்ந்துக்கிட்டு, என் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்கன்னு எப்படிம்மா போய்க் கேக்குறது?"

பள்ளிப் பக்கத்திலும் ஒரு சிக்கல். பையன் வராத நாட்களில் பத்து மணிக்குப் பள்ளியிலிருந்து அம்மாவின் எண்ணுக்கு அழைப்பு போயிருக்கிறது. இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்தவர் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார். "பெற்றோர் அழைப்பை ஏற்பதில்லை" என்று பள்ளியின் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். அப்பாவின் எண் அங்கே யாரிடமும் இல்லை. யாரும் கேட்கவே இல்லை.

இன்னொன்று. அம்மா இரவு ஷிப்டை வேறு வழியில்லாமல் ஏற்கவில்லை. இரவு வேலைக்குக் கூடுதல் படி உண்டு. பகலில் கணவரை சிகிச்சைக்கு அழைத்துப் போகலாம், மாலையில் குழந்தைகளோடு இருக்கலாம். கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு அது. முதல் பரிந்துரையை நாங்கள் வற்புறுத்தியிருந்தால், அந்தக் குடும்பத்தைத் தாங்கிப் பிடித்திருந்த ஒரே ஏற்பாட்டைக் கெடுத்திருப்போம். பாலினப் பார்வை என்பது வகுப்பறைத் தலைப்பு மட்டும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். தவறான அனுமானத்தில் எழுதிய ஒரு பரிந்துரை ஒரு வீட்டின் வருமானத்தைக் குறைக்கும், ஒருவருடைய சிகிச்சையை நிறுத்தும்.

திட்டம் மாறியது. பள்ளிப் பதிவேட்டில் அப்பாவின் எண் முதலில் வந்தது. அதே தெருவிலிருந்து அதே பள்ளிக்குப் போகும் மேல்வகுப்பு மாணவி ஒருத்தியோடு, வலி கூடிய நாட்களில் குழந்தைகளை அனுப்ப ஏற்பாடானது. அந்த வீட்டில் போய்க் கேட்டது அப்பாதான், மாணவி உடன் இருந்தார். அப்புறம், அடிபட்டது வேலை நேரத்திலா என்ற கேள்வி. வேலை நேரத்தில்தான். இழப்பீடு கிடைக்க வாய்ப்பிருக்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை. வேலைவாய்ப்புப் பயிற்சிக்கு அனுப்ப நினைத்தோமே தவிர, சட்ட உதவிக்கு அனுப்பத் தோன்றவில்லை. வேலை இல்லாத ஆணைப் பார்த்தால் அவனை மறுபடி வேலைக்கு அனுப்புவது ஒன்றுதான் தோன்றுகிறது, அவனுக்குச் சேரவேண்டிய உரிமை கண்ணில் படுவதில்லை.

குழுவில் நடந்தது

மாணவியின் அனுமதியோடு முதல் பதிவைக் குழுக் கலந்தாய்வுக்குக் கொண்டு போனேன், ஒரே ஒரு மாற்றத்தோடு. அம்மாவையும் அப்பாவையும் இடம் மாற்றி எழுதினேன். இரவு ஷிப்டில் அப்பா, முதுகில் அடிபட்டு வீட்டில் அம்மா. மற்றவை அப்படியே.

படித்துவிட்டு மாணவர்கள் சொன்னவை: அம்மாவுக்கு ஆதரவு வேண்டும், உடம்பு முடியாமல் இரண்டு குழந்தைகளைத் தனியாகச் சமாளிக்கிறார். அப்பா பாவம், குடும்பத்துக்காக ராத்திரி முழுக்க உழைக்கிறார். அப்பா ஷிப்ட் மாற வேண்டும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. இடம் மாற்றாத அசல் பதிவை இரண்டாவது தாளாகக் கொடுத்தபோது அறையில் சத்தமே இல்லை. பிறகு பேச்சு வந்தபோது அது நேர்மையான பேச்சாக இருந்தது, அதனால் அதை விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு மாணவர் சொன்னார்: "ஒரு ஆண்கிட்ட போய் வீட்டுல யார் சமைக்கிறாங்கன்னு கேட்டா அவமானமா எடுத்துப்பார் மேடம். கதவையே சாத்திடுவார்." இது உண்மையான தடை, பயந்து சொல்லும் சாக்கு இல்லை. ஆகவே கேட்கும் விதத்தை யோசித்தோம். யார் செய்கிறார்கள் என்று கேட்டால் பதிலில் கௌரவம் குறுக்கே வருகிறது. "காலையில் ஆறு மணிக்கு எழுந்ததிலிருந்து என்னென்ன நடக்கும், சொல்லுங்களேன்" என்று நேரத்தைப் பிடித்துக் கேட்டால் ஆட்கள் சரளமாகச் சொல்கிறார்கள். அந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு பல மாணவர்களின் பதிவுகளில் அப்பாக்கள் பேச ஆரம்பித்தார்கள்.

ஒரு மாணவி எதிர்க்கேள்வி போட்டார். அந்த அம்மாவே, நான் கூட இருந்து பார்த்திருந்தால் பையன் இப்படி ஆகியிருக்க மாட்டான் என்கிறார். பயனாளியின் கருத்தை மதிக்க வேண்டும் என்றுதானே படித்தோம்? நல்ல கேள்வி. அம்மாவின் சொல்லை மதிப்பது வேறு, அவருடைய குற்ற உணர்வைக் கண்டறிந்த உண்மையாக எழுதி வைப்பது வேறு. பெண்களுக்கெதிரான அனைத்துவகைப் பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான 1979-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 5-ஆவது பிரிவு, குழந்தைகளை வளர்ப்பது ஆண், பெண் இருவருக்கும் பொதுவான பொறுப்பு என்கிறது. அதை எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டில் பாடம் நடத்தச் சொல்லவில்லை. அந்த உடன்படிக்கையின் கடமை அரசுகள் மேல் இருக்கிறது. நம் கடமை, களைத்துப்போன ஒரு பெண்ணின் தலையில் நம் அறிக்கையும் சேர்ந்து ஒரு சுமையை ஏற்றாமல் பார்த்துக்கொள்வது. அந்த மாணவி கடைசிவரை முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ள வைக்க நானும் முயலவில்லை, கேள்வி அவரிடம் தங்கினால் போதும்.

மூன்றாவதாக ஒரு கருத்து வந்தது, எல்லோரும் தலையாட்டினார்கள். பெண்களுக்கு இயல்பிலேயே இரக்கம் அதிகம், அதனால்தான் இந்தத் துறைக்கு அதிகம் வருகிறார்கள். பாராட்டு மாதிரி கேட்கும் இந்தக் கருத்துதான் எனக்கு அதிகக் கவலை தருவது. கிளிக், ஃபிஸ்க் என்ற ஆய்வாளர்கள் 1996-இல் 22 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். பாதிக் கூற்றுகள் பெண்கள் மீதான வெளிப்படையான பகைமையை அளப்பவை. மறுபாதி, பெண்கள் தூய்மையானவர்கள், மென்மையானவர்கள், ஆண்கள் காப்பாற்ற வேண்டியவர்கள் என்று பாசத்தோடு சொல்லும் பாகுபாட்டை அளப்பவை. 2000-இல் 19 நாடுகளின் தரவுகளோடு அவர்கள் வெளியிட்ட ஆய்வில், பகைமை அதிகமுள்ள நாடுகளில் இந்தப் பாசமான பாகுபாடும் அதிகமாகவே இருந்தது. சமூகப்பணி மாணவர்கள் முதல் பாதியை எளிதாக அடையாளம் கண்டு மறுக்கிறார்கள். இரண்டாம் பாதியில்தான் நழுவுகிறார்கள்.

நழுவினால் என்ன ஆகும்? கேஸ் பிரித்துக் கொடுப்பதைப் பாருங்கள். எங்கள் நிறுவனத்தில் குழந்தைகள், முதியவர்கள் கேஸ் எல்லாம் மாணவிகளுக்குப் போகும். குடிநோய், இளைஞர் குழு என்றால் மாணவர்களுக்கு. யாரும் விதி போடவில்லை, பழக்கம். கொஞ்ச நாளில் குழுவில் ஓர் ஆண் மாணவர் கூட்டத்தை நடத்துகிறார், வெளியாட்கள் வந்தால் அவரைப் பேசச் சொல்கிறார்கள். செவிலியர், தொடக்கப்பள்ளி ஆசிரியர், நூலகர், சமூகப்பணியாளர் என்று பெண்கள் அதிகமுள்ள நான்கு துறைகளில் இருக்கும் ஆண்களை ஆராய்ந்த கிறிஸ்டின் வில்லியம்ஸ், அங்கே ஆண்கள் கண்ணுக்குத் தெரியாமல் மேலே ஏற்றிவிடப்படுகிறார்கள் என்று 1992-இல் எழுதினார். அதே ஆண் மாணவர் ஆறு வயதுக் குழந்தையோடு தரையில் உட்கார்ந்து பேசக் கற்றுக்கொள்ளாமலே பட்டம் வாங்கிவிடுவார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாணவர்களை அவரவர் வீட்டின் ஒரு நாளை மணி வாரியாக எழுதச் சொன்னோம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2018 அறிக்கைப்படி, உலகில் ஊதியமில்லாத பராமரிப்பு வேலை நேரத்தில் 76.2 சதவீதம் பெண்களுடையது. பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 4 மணி 25 நிமிடம், ஆண்கள் 1 மணி 23 நிமிடம். தங்கள் வீட்டுக் கணக்கை எழுதிய பிறகு மாணவர்களுக்கு இந்த எண்கள் புதிதாகத் தெரியவில்லை.

எதிர்ப்பக்கத்துச் சறுக்கல்

இந்தக் கலந்தாய்வுக்குப் பிறகு இன்னொரு மாணவர் உற்சாகத்தில் வேறொரு கேஸில் கணவன், மனைவி இருவரையும் ஒரே நேரத்தில் கூட்டுச் சந்திப்புக்கு அழைத்திருந்தார். அப்பாவையும் சமமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம். அந்தப் பெண் முன்பு தனியாகப் பேசியபோது, கணவர் தன் செல்பேசியைத் தினமும் வாங்கிப் பார்ப்பார், அம்மா வீட்டுக்குப் போக அவரிடம் கேட்க வேண்டும் என்று சொன்னது அதே கோப்பில் இருந்தது. சந்திப்பை நிறுத்தினேன்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள டுலூத் நகரில், வன்முறைக்கு ஆளான பெண்கள் சொன்னவற்றை வைத்து 1984-இல் ஓர் அதிகாரச் சக்கர வரைபடத்தை உருவாக்கினார்கள். அடி, உதை அதன் வெளி வளையத்தில் இருக்கிறது. உள்ளே தனிமைப்படுத்துவது, பணத்தைக் கட்டுப்படுத்துவது, மிரட்டுவது, குழந்தைகளை வைத்து அழுத்துவது. இந்த அறிகுறிகள் தென்படும் வீட்டில், கணவன் எதிரில் மனைவியைப் பேச வைத்தால் அன்றிரவு அதற்கான விலையை அவர்தான் கொடுப்பார். இருவரிடமும் கேட்க வேண்டும் என்பது சரி. முதலில் தனித்தனியாக, பெண்ணின் பாதுகாப்பை உறுதி செய்துகொண்டு, அவர் சம்மதித்தால் மட்டும் அடுத்த அடி. இரண்டு நாற்காலியைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டதால் சமத்துவம் வந்துவிடாது, யாரிடம் அதிகாரம் இருக்கிறது என்று பார்க்காத சமத்துவம் ஆபத்தானது. சமூகப்பணிக்கான உலகளாவிய வரையறை 2014-இல் மெல்போர்னில் ஏற்கப்பட்டபோது சமூக நீதியும் மனித உரிமையும் அதன் மையத்தில் வைக்கப்பட்டன. அவை இல்லாமல் 'இருவரையும் ஒரே மாதிரி நடத்துவது' என்று மட்டும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால், இப்படித்தான் முடியும்.

மதிப்பீடும் தற்போதைய நிலையும்

களப்பணி முடிவில் மாணவிக்கு அந்த வினாத்தாளை மறுபடி கொடுக்கவில்லை. ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் மதிப்பெண் என்ன சொல்லிவிடப் போகிறது? பதிலாக அவருடைய முதல் பதிவுகளையும் கடைசிப் பதிவுகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். கடைசிப் பதிவுகளில் ஒவ்வொரு பெரியவரும் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார் என்பது இருந்தது. வருமானம், கவனிப்பு இரண்டையும் இருவரிடமும் கேட்டிருந்தார். ஒரு இடத்தில் தாத்தாவிடமும் கேட்டிருந்தார், படிவத்தில் அவருக்குக் கட்டமே கிடையாது. இன்னும் சரியாகாதது பரிந்துரைப் பகுதி. நேரம் குறைவாக இருக்கும்போது, மாற வேண்டியவர் பட்டியலில் அவருடைய பேனா இப்போதும் அம்மாவின் பெயருக்குத்தான் முதலில் போகிறது. இதை மதிப்பீட்டில் எழுதினேன், அவரும் படித்துக் கையெழுத்துப் போட்டார்.

படிவத்தில் தந்தை, தாய் என்ற தனித்தனிக் கட்டங்களை எடுத்துவிட்டு, வீட்டிலுள்ள ஒவ்வொரு பெரியவருக்கும் ஒரே கேள்விகளை வைக்கும்படி கேட்டு, அப்படியே மாற்றியாயிற்று. கேஸ் பிரிப்பதைச் சுழற்சி முறைக்குக் கொண்டுவருவது பாதி வழியில் நிற்கிறது. மாலை நேர வீட்டு வருகைக்கு மாணவிகளை அனுப்பப் பணியாளர்கள் தயங்குகிறார்கள், அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது. யாராக இருந்தாலும் மாலையில் இருவராகப் போக வேண்டும் என்ற விதியைப் பரிசீலிக்கிறார்கள்.

பையன் பெரும்பாலான நாட்கள் பள்ளிக்குப் போகிறான். கோப்பு அடுத்த ஆண்டு மாணவர் ஒருவரிடம் போயிருக்கிறது. அவர் தொடர வேண்டிய வேலைகள்: அப்பாவின் முதுகுவலி சிகிச்சை, சட்ட உதவி மையத்தில் கொடுத்த இழப்பீட்டு மனு, காலை வேலையும் மாலை வேலையும் முடிந்த பிறகு அந்த அம்மாவுக்கு உண்மையில் எத்தனை மணி நேரத் தூக்கம் கிடைக்கிறது என்ற கணக்கு. மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.